சட்டப் பிரச்சினை வினாவுக்கு விடை எழுதும் முறை: ஒப்பந்தச் சட்டத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

'முனைவு என்றால் என்ன, விளக்குக' என்று கேட்டால் நான்கு பக்கம் எழுதிவிடும் சட்ட மாணவர், அதே முனைவை, அதாவது ஒப்பந்தம் செய்ய ஒருவர் வைக்கும் முன்மொழிவை, ஒரு கதைக்குள் ஒளித்து 'முடிவு செய்க' என்று கேட்டதும் தடுமாறுகிறார். அவருக்குப் பிரிவுகள் தெரியும். அவற்றை எந்த வரிசையில் கதையின் மேல் வைப்பது என்பதுதான் பிடிபடுவதில்லை. என் முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் நானும் மூன்று பக்கம் எழுதிப் பத்துக்கு நான்கு வாங்கினேன். தாள் திரும்பி வந்தபோது பார்த்தால், வினாவில் வந்த ஆட்களின் பெயர்கள் அந்த மூன்று பக்கத்தில் இரண்டே இடங்களில்தான் இருந்தன. பின்னாளில் இளைய மாணவர்களின் விடைகளைத் திருத்திக்கொடுக்க உட்கார்ந்தபோதும் பெரும்பாலும் இதே குறையைத்தான் கண்டேன்.

இந்த வழிகாட்டி 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, முதல் வாசிப்பிலிருந்து இழப்பீட்டுத் தொகை வரை கொண்டுசெல்கிறது. தீங்கியல் (டார்ட்) சட்டத்துக்கும் குற்றவியல் சட்டத்துக்கும் வரிசை இதுவேதான்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பேர் ஆக்ட், அதாவது உரையும் சுருக்கமும் இல்லாத சட்டத்தின் மூல வாசகம். வழிகாட்டி நூல்களும் சீனியர்களின் குறிப்புகளும் பிரிவைச் சுருக்கித் தருகின்றன. சுருக்கும்போது 'அல்லது', 'ஆனால்', 'அதன் பின்னர் அன்று' போன்ற சொற்கள்தான் முதலில் காணாமல் போகின்றன. பிரச்சினை வினாவை அமைப்பவரோ பெரும்பாலும் அந்தச் சொற்களின் மேல்தான் கதையைக் கட்டுகிறார்.

இரண்டாவது, ஒவ்வொரு தீர்ப்புக்கும் மூன்று வரிக் குறிப்பு: நடந்தது என்ன, நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி என்ன, எந்தக் காரணத்தால் அப்படி முடிவானது. நீதிபதியின் பெயரையும் தீர்ப்புத் தொகுப்பின் பக்க எண்ணையும் மனப்பாடம் செய்து காரணத்தை விட்டுவிட்டவருக்கு அந்தத் தீர்ப்பு தேர்வறையில் உதவாது.

மூன்றாவது, சட்டம் நடைமுறையில் இருந்த காலம். ஒப்பந்தச் சட்டத்தில் இது பெரும்பாலும் தொல்லை தராது, குற்றவியலில் தரும். 2024 ஜூன் 15 அன்று நடந்த திருட்டுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 378, 379ஆம் பிரிவுகள். அதே திருட்டு 2024 ஜூலை 5 அன்று நடந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு. புதிய சட்டம் 2024 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. எனவே வினாவில் ஆண்டு இருந்தால் அதை முதலில் கவனியுங்கள்.

2. நாம் எடுத்துக்கொள்ளும் பிரச்சினை

ஈரோட்டில் மஞ்சள் மொத்த வணிகம் செய்யும் முருகன், மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கும் கண்ணனுக்கு மார்ச் 1 அன்று தபாலில் ஒரு கடிதம் அனுப்புகிறார்: '50 குவிண்டால் விரலி மஞ்சளைக் குவிண்டால் 12,000 ரூபாய்க்குத் தருகிறேன்; சரக்கு மார்ச் 20ஆம் தேதி உங்கள் கடைக்கு வந்துசேரும்.' விலை ஏறுவதைக் கண்ட முருகன், முந்தைய கடிதத்தை ரத்து செய்வதாக மார்ச் 2 அன்று இன்னொரு கடிதத்தைத் தபாலில் சேர்க்கிறார். முதல் கடிதம் மார்ச் 3 காலை கண்ணனுக்குக் கிடைக்கிறது. அன்று மாலை 4 மணிக்கு, 'சம்மதம். முடிந்தால் சணல் சாக்கில் கட்டி அனுப்புங்கள்' என்று எழுதி, சரியான முகவரியிட்டு, விரைவுத் தபாலில் சேர்க்கிறார். அன்று இரவே அந்த 50 குவிண்டாலையும் குவிண்டால் 17,000 ரூபாய்க்கு ஒரு மசாலா நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொள்கிறார். முருகனின் ரத்துக் கடிதம் மார்ச் 4 அன்று கண்ணன் கைக்கு வருகிறது. கண்ணனின் சம்மதக் கடிதம் மார்ச் 6 அன்று முருகனுக்குக் கிடைக்கிறது. மார்ச் 20 அன்று சரக்கு வரவில்லை. அன்றைய சந்தை விலை குவிண்டாலுக்கு 15,000 ரூபாய். விலை இவ்வளவு ஏறிய பிறகு ஒப்பந்தத்தை நிறைவேற்றவே முடியாது என்கிறார் முருகன். கண்ணன் 2,50,000 ரூபாய் இழப்பீடு கேட்கிறார். கண்ணனுக்கு அறிவுரை கூறுக.

இன்றைக்கு யாரும் மஞ்சளை இப்படிக் கடிதம் எழுதி விற்பதில்லை. தேர்வுத் தாளில் மட்டும் கடிதங்கள் ஓயாமல் போய்வருகின்றன, ஏனென்றால் தேதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துச் சோதிக்க அவை வசதியானவை.

3. கடைசி வரியை முதலில் படியுங்கள்

'கண்ணனுக்கு அறிவுரை கூறுக' என்பதும் 'ஒப்பந்தம் உருவானதா' என்பதும் ஒரே கேள்வி அல்ல. இரண்டாவதற்கு ஆம், இல்லை என்று காரணத்தோடு சொன்னால் போதும். முதலாவதற்கு ஒப்பந்தம் உண்டா, மீறல் உண்டா, மறுதரப்பு என்ன சொல்லும், கையில் எவ்வளவு பணம் வரும் என்ற நான்கும் வேண்டும். கடைசி வரியைப் படிக்காமல் எழுதத் தொடங்கியவர்கள் ஒப்பந்தம் உருவானது என்பதோடு பேனாவை மூடிவிட்டு, இழப்பீட்டுக்கான மதிப்பெண்ணை முழுதாக இழப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

4. தேதிக்கோடு போடுங்கள்

விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்து, தேதிகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு புள்ளிகள் தேவை: கையை விட்டுப் போன நேரம், எதிராளிக்குத் தெரிந்த நேரம். நம் கதையில் முனைவு மார்ச் 1 போய் மார்ச் 3 காலை சேர்ந்தது. ரத்து மார்ச் 2 போய் மார்ச் 4 சேர்ந்தது. ஏற்பு மார்ச் 3 மாலை போய் மார்ச் 6 சேர்ந்தது.

இதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சப்படுத்தப் பார்ப்பவர், 'ரத்துக் கடிதம் மார்ச் 2 அன்றே அனுப்பப்பட்டுவிட்டது, ஏற்பு அதற்குப் பிறகுதான், எனவே ஒப்பந்தம் இல்லை' என்று எழுதிவிடுகிறார். அனுப்பிய தேதியையும் தெரிந்த தேதியையும் ஒரே கோட்டில் பார்க்காததால் வரும் பிழை இது. இங்கே முழு விடையையும் தலைகீழாக்கிவிடுகிறது.

5. பொதுத் தலைப்பைக் குறிப்பான கேள்வியாக மாற்றுங்கள்

'இதில் முனைவு, ஏற்பு ஆகியவை குறித்த பிரச்சினை எழுகிறது' என்ற வரியால் பயனில்லை. அது பாடத்தின் பெயர். கேள்விக்குள் கதையின் ஒரு உண்மையாவது இருக்க வேண்டும். நம் பிரச்சினையில் கேள்விகள் நான்கு:

மார்ச் 4 அன்று கைக்கு வந்த ரத்துக் கடிதம், மார்ச் 3 மாலை தபாலில் சேர்ந்த ஏற்பை முறியடிக்குமா? சணல் சாக்கு பற்றிய வரி, ஏற்பை நிபந்தனை உள்ளதாக ஆக்கிவிடுமா? சந்தை விலை ஏறியது ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாததாக ஆக்குமா? மீறல் உண்டு என்றால், மசாலா நிறுவனத்திடம் கிடைத்திருக்கும் லாபத்தையும் கண்ணன் கேட்க முடியுமா?

மறுபயன் (வாக்குக்கு ஈடாகக் கிடைப்பது), தகுதி, சட்டப்படியான நோக்கம் ஆகியவையும் 10ஆம் பிரிவின்படி தேவைதான். ஆனால் இந்தக் கதையில் அவற்றில் தகராறே இல்லை; மஞ்சளுக்குப் பணம், இருவரும் வணிகர்கள் என்று ஒரே வரியில் கடந்துவிடுங்கள். தகராறு இல்லாத கூறுக்கு அரைப் பக்கம் செலவிடுபவருக்குத் தகராறு உள்ள கூறுக்கு நேரம் போதாமல் போகும்.

6. பிரிவைக் கூறுகளாக உடையுங்கள்

இப்போதுதான் சட்டத்துக்கு வருகிறோம். இதற்கு முன்பே பிரிவை எழுதத் தொடங்கியிருந்தால் தெரிந்ததையெல்லாம் கொட்டியிருப்போம். கேள்வி கையில் இருப்பதால் தேவையானது மட்டும் வரும்.

4ஆம் பிரிவு எப்போது தகவல் முழுமையடைகிறது என்று சொல்கிறது. முனைவு, அது யாருக்குச் சொல்லப்பட்டதோ அவருக்குத் தெரியவரும்போது முழுமையடைகிறது. ஏற்பு, முனைந்தவரைப் பொறுத்தவரை, ஏற்றவரின் கையை மீறி முனைந்தவருக்கான அனுப்புவழியில் சேர்ந்ததும் முழுமையடைகிறது. ஏற்றவரைப் பொறுத்தவரை, முனைந்தவருக்குத் தெரியவரும்போதுதான் முழுமையடைகிறது. ரத்து, ரத்து செய்தவரைப் பொறுத்தவரை அனுப்பியதும், எதிராளியைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்ததும் முழுமையடைகிறது. 5ஆம் பிரிவு, முனைந்தவருக்கு எதிராக ஏற்பு முழுமையடையும் முன்பு முனைவை ரத்து செய்யலாம், அதன் பின்னர் முடியாது என்கிறது.

'யாரைப் பொறுத்தவரை' என்ற சொற்றொடர்தான் இந்தப் பிரிவுகளின் உயிர். இங்கிலாந்தில் 1818ஆம் ஆண்டின் ஆடம்ஸ் எதிர் லிண்ட்செல் வழக்கிலிருந்து வந்த தபால் விதியை மட்டும் படித்துவிட்டு, கடிதத்தைப் பெட்டியில் போட்டதும் இருவரும் கட்டுப்பட்டார்கள் என்று எழுதுபவர்கள் உண்டு. நம் சட்டத்தில் அந்த நேரத்தில் கட்டுப்படுவது முனைந்தவர் மட்டுமே.

7. கூறுக்குப் பக்கத்தில் உண்மையை வையுங்கள்

மதிப்பெண்ணில் பெரும்பகுதி இங்கே இருக்கிறது, மாணவர்கள் மிகக் குறைவாக எழுதுவதும் இங்கேதான். பிரிவை எழுதிவிட்டு 'எனவே ஒப்பந்தம் உருவானது' என்று தாவிவிடுகிறார்கள். அந்த 'எனவே'க்கு முன்னால் இருக்க வேண்டிய வரிகளே விடை.

முதல் கேள்வியைச் செய்துபார்ப்போம். 'கண்ணன் ஏற்புக் கடிதத்தை மார்ச் 3 மாலை 4 மணிக்கு, சரியான முகவரியிட்டு, விரைவுத் தபாலில் சேர்த்தார். அந்த நொடியில் அது அவர் கையை மீறிவிட்டது. எனவே 4ஆம் பிரிவின்படி முருகனுக்கு எதிராக ஏற்பு அப்போதே முழுமையடைந்தது. முருகனின் ரத்துக் கடிதம் மார்ச் 2 அன்று அனுப்பப்பட்டிருந்தாலும், கண்ணனைப் பொறுத்தவரை அது மார்ச் 4 அன்று அவருக்குத் தெரிந்தபோதுதான் முழுமையடைந்தது. 5ஆம் பிரிவு அனுமதிக்கும் காலம் அதற்கு முந்தைய நாள் மாலையே முடிந்துவிட்டது.' ஐந்தாறு வரிதான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் பிரிவின் ஒரு சொல்லும் கதையின் ஒரு தேதியும் சேர்ந்தே நிற்கின்றன. உங்கள் பத்தியில் அப்படி நிற்காத வரியை அடித்துவிட்டுப் பாருங்கள், விடை கெடாது.

இரண்டாவது கேள்வி இவ்வளவு நேரானதல்ல, அதனால்தான் அதில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். 7ஆம் பிரிவின்படி ஏற்பு முழுமையானதாகவும் நிபந்தனையற்றதாகவும் இருக்க வேண்டும். முருகனின் வழக்கறிஞராக முதலில் யோசியுங்கள்: சணல் சாக்கு முனைவில் இல்லாத புதுச் செய்தி; அதைச் சேர்த்ததால் இது ஏற்பே அல்ல, எதிர்முனைவு; 1840ஆம் ஆண்டின் ஹைட் எதிர் ரென்ச் வழக்கில் விலையைக் குறைத்துக் கேட்டவரின் எதிர்முனைவு முதல் முனைவையே அழித்துவிட்டதாக முடிவானது. இப்போது கண்ணன் பக்கம் வாருங்கள்: கடிதம் 'சம்மதம்' என்ற சொல்லில் தொடங்கி அங்கே முற்றுப்புள்ளி வைக்கிறது; அடுத்த வாக்கியம் 'முடிந்தால்' என்று ஆரம்பிக்கிறது; முடியாவிட்டால் வேண்டாம் என்று அதில் எங்கும் இல்லை; ஹைட் வழக்கில் மாறியது விலை, இங்கே விலையும் அளவும் நாளும் அப்படியே இருக்கின்றன. ஆகவே இது வேண்டுகோள், நிபந்தனை அன்று என்பதே வலுவான முடிவு.

இந்தப் பத்தியில் 'முடிந்தால்' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதிட்டிருக்கிறோம். வினாவை அமைத்தவர் அதைச் சும்மா போட்டிருக்க மாட்டார். அதையே 'சணல் சாக்கில் கட்டினால் சம்மதம்' என்று மாற்றிப் பாருங்கள், விடை கவிழ்ந்துவிடும்.

மூன்றாவது கேள்விக்கு மூன்று வரி போதும். 56ஆம் பிரிவு செயல் இயலாததாக ஆவதைப் பற்றியது. லாபம் குறைவதோ நட்டம் வருவதோ அதில் அடங்காது. 1960ஆம் ஆண்டின் அலோபி பர்ஷாத் எதிர் இந்திய ஒன்றியம் வழக்கில், எதிர்பாராத விலையேற்றம் ஒப்பந்தத்திலிருந்து விடுதலை தராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஈரோட்டில் மஞ்சள் கிடைக்கிறது, முருகனால் அனுப்ப முடியும். அவருக்கு இப்போது விருப்பமில்லை, அவ்வளவே.

8. தீர்ப்பை எங்கே, எப்படி வைப்பது

தீர்ப்பு பிரிவுக்குப் பின்னால் வர வேண்டும். பிரிவே தெளிவாகச் சொல்லும் இடத்தில் தீர்ப்பைத் தேடி அலையத் தேவையில்லை. நம் முதல் கேள்விக்கு மிகப் பொருத்தமான ஆதாரம் 5ஆம் பிரிவின் கீழேயே அச்சிடப்பட்டிருக்கும் எடுத்துக்காட்டு: தபாலில் வீடு விற்க முனைந்தவர், எதிராளி ஏற்புக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் கணம் வரை ரத்து செய்யலாம், பின்னர் முடியாது. எடுத்துக்காட்டுகள் சட்டத்தின் பகுதி என்பதை மறந்து, பல மாணவர்கள் அவற்றைப் படிக்காமலே தாண்டுகிறார்கள்.

வழக்கைச் சொல்லும்போது, அதன் உண்மைகளுக்கும் உங்கள் கதையின் உண்மைகளுக்கும் உள்ள ஒற்றுமையையோ வேற்றுமையையோ ஒரு வரியில் சொல்லுங்கள். 1880ஆம் ஆண்டின் பைர்ன் எதிர் வான் டீன்ஹோவன் வழக்கில், ரத்துக் கடிதம் வழியில் இருந்தபோதே எதிராளி முனைவை ஏற்றுவிட்டார். நம் கதையின் நிலையும் அதுவே. இது இங்கிலாந்துத் தீர்ப்பு என்பதால் நம் நீதிமன்றத்தைக் கட்டாது, துணைக்கு மட்டும் நிற்கும் என்பதையும் நான்கு சொற்களில் குறிப்பிடலாம். பெயரை மட்டும் எழுதி அடிக்கோடிட்டால் திருத்துபவருக்கு அதிலிருந்து எதுவும் தெரிவதில்லை.

9. பணத்தில் முடியுங்கள்

'கண்ணனுக்கு இழப்பீடு கிடைக்கும்' என்பது பாதி அறிவுரை. சரக்குப் பொருள் விற்பனை என்பதால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, சரக்கை ஒப்படைக்காத விற்பனையாளர் மீது வழக்குத் தொடரும் உரிமையைத் தருகிறது. அளவுகோலை ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு தருகிறது. வழக்கமான போக்கில் இயல்பாக விளைந்த இழப்பு, அல்லது ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் விளையக்கூடும் என்று அறிந்திருந்த இழப்பு. வெகுதொலைவான இழப்புக்கு இடமில்லை.

இயல்பான இழப்பு, சந்தை விலைக்கும் ஒப்பந்த விலைக்கும் உள்ள வேறுபாடு: 15,000 கழித்தல் 12,000, அதாவது குவிண்டாலுக்கு 3,000, ஐம்பது குவிண்டாலுக்கு 1,50,000 ரூபாய். கண்ணன் கேட்பதோ 17,000 ரூபாயை வைத்துக் கணக்கிட்ட 2,50,000. மிச்சமுள்ள ஒரு லட்சத்துக்கு இரண்டு தடைகள். தேதிக்கோட்டைப் பாருங்கள்: மசாலா நிறுவனத்தோடு பேசியது மார்ச் 3 இரவு, அதாவது ஏற்புக் கடிதம் போன பிறகு; ஒப்பந்தம் உருவான நேரத்தில் முருகன் அதை அறிந்திருக்க வழியே இல்லை. மேலும் 73ஆம் பிரிவின் விளக்கம், பாதிப்பைச் சரிசெய்துகொள்ள இருந்த வழிகளைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மார்ச் 20 அன்று சந்தையில் 15,000 ரூபாய்க்கு மஞ்சள் வாங்கி மசாலா நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தால் அந்த லாபம் கண்ணனுக்கு நின்றிருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'முருகனுக்கு இதைப் பற்றி யாராவது சொல்லியிருக்கலாம்' என்று கதையில் இல்லாததை நீங்களாகச் சேர்க்காதீர்கள். உண்மை விடுபட்டிருந்தால், சொல்லியிருந்தால் இப்படி, சொல்லாவிட்டால் இப்படி என்று இரு கிளையாக எழுதிவிட்டு நகருங்கள்.

10. ஒரு உண்மையை மாற்றி மீண்டும் செய்யுங்கள்

பத்துப் பிரச்சினைகளை ஒருமுறை செய்வதைவிட, ஒரே பிரச்சினையில் ஒவ்வோர் உண்மையாக மாற்றிச் செய்வது அதிகப் பயன் தருவதாக என் அனுபவம். எந்த உண்மை எந்தச் சொல்லின் மேல் நிற்கிறது என்பது அப்போதுதான் விளங்கும்.

கண்ணன் மார்ச் 5 அன்று தொலைபேசியில், 'எனக்கு மஞ்சள் வேண்டாம், கடிதம் வந்தால் பொருட்படுத்தாதீர்கள்' என்கிறார். அவருக்கு எதிராக ஏற்பு மார்ச் 6 அன்றுதான் முழுமையடையும் என்பதால், 5ஆம் பிரிவின்படி அவர் தப்பிக்கிறார்.

கண்ணன் கடிதம் எழுதாமல் தொலைபேசியில் சம்மதம் சொல்கிறார். 1966ஆம் ஆண்டின் பகவான்தாஸ் கேடியா எதிர் கிர்தாரிலால் வழக்கில், தொலைபேசியில் தபால் விதி பொருந்தாது, ஏற்பு கேட்கப்பட்ட இடத்தில்தான் ஒப்பந்தம் உருவாகிறது என்று பெரும்பான்மை முடிவெடுத்தது. நீதிபதி ஹிதயத்துல்லா உடன்படவில்லை. இதன்படி ஒப்பந்தம் உருவான இடம் ஈரோடு. வாட்ஸ்அப் என்றால், மின்னணு வழியில் செய்ததாலேயே ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்னும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவையும், மின்பதிவு எப்போது சென்றது, எப்போது வந்தது என்று சொல்லும் 13ஆம் பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கண்ணனுக்கு வயது 17, தனக்கு 19 என்று பொய் சொல்லிச் சரக்கை வாங்கிவிட்டுப் பணம் தர மறுக்கிறார். இப்போது தேதிக்கோடு முழுவதும் பின்னுக்குப் போகிறது. 11ஆம் பிரிவும், 1903ஆம் ஆண்டின் மோகரி பீபி எதிர் தர்மதாஸ் கோஷ் தீர்ப்பும் முன்னுக்கு வருகின்றன. இளவரின் உடன்பாடு தொடக்கத்திலிருந்தே இல்லாநிலையது, அதாவது சட்டத்தின் முன் செல்லாதது. மாணவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்தி, முருகன் வெறுங்கையோடு போக வேண்டியதுதான் என்று எழுதுகிறார்கள். 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தகுதியின்மையைக் காரணம் காட்டி எதிர்வழக்காடுபவர் தாம் அடைந்த பயனை, அடைந்த அளவுக்குத் திருப்பித் தரும்படி நீதிமன்றம் கேட்க இடம் தருகிறது. மஞ்சள் கண்ணனின் கிடங்கில் இன்னும் இருக்கிறதா, விற்றுத் தீர்ந்துவிட்டதா என்பது இப்போது பெரிய உண்மையாகிவிடும். மூல வினாவில் அதைக் கேட்கவே தோன்றியிருக்காது.

11. தாளில் எழுதும்போது

முப்பது நிமிட விடை என்றால், வாசிப்புக்கும் தேதிக்கோட்டுக்கும் ஐந்து நிமிடம், கேள்விகளை வகுக்க மூன்று நிமிடம், மிச்சம் எழுத. வினாவின் கதையைத் திரும்ப எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள்; திருத்துபவரிடம் வினாத்தாள் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியையும் பிரிவு, பொருத்தம், முடிவு என்று அதனதன் இடத்திலேயே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நான்கு கேள்விக்குமான சட்டத்தை முதலில் மொத்தமாக எழுதிவிட்டுப் பொருத்தத்தைக் கடைசிக்கு வைத்தால், மணி அடிக்கும்போது விடுபடுவது பொருத்தமாகத்தான் இருக்கும்.

முடிவுரையில் 'நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும்' என்று நழுவ வேண்டாம். கேட்டது அறிவுரை. 'ஒப்பந்தம் மார்ச் 3 மாலை முருகனைக் கட்டிவிட்டது. அவர் மார்ச் 20 அன்று அதை மீறினார். சாக்கு பற்றிய வாதம் எடுபட வாய்ப்பு குறைவு. கண்ணன் 1,50,000 ரூபாய்க்கு வழக்குத் தொடரலாம், மறுவிற்பனை லாபத்துக்கான ஒரு லட்சத்தை எதிர்பார்க்க வேண்டாம்' என்று நான்கு வரியில் சொல்லிவிடலாம்.